காலையில் விழும் டிக்கி, மத்தியானம் நிற்பது ஏன்?

கேள்வி: ஐயா, மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். திருமண வீடுகளுக்குக் கார் ஓடுவது என் தொழில். அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய காசோடு என் சேமிப்பையும் சேர்த்து, கூரை மடிகிற ஜேர்மன் கார் ஒன்றை 2019இல் கொழும்பில் வாங்கினேன். இரண்டு கதவு, துணிக்கூரை, 2002ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஒரு வருடமாக டிக்கி மூடி மேலே நிற்பதில்லை. விடியற்காலையில் கையை எடுத்தவுடனே விழுகிறது. வெயில் ஏறிய பிறகு நிற்கிறது. போன தை மாதம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தியபோது, கூறைத் தட்டை எடுக்கக் குனிந்த மணப்பெண்ணின் பெரியம்மாவுடைய மணிக்கட்டில் மூடி விழுந்துவிட்டது. எலும்பு முறியவில்லை என்கிறார்கள், ஆனாலும் கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. ஒரு கராஜில், டிக்கி ஷொக்கில் துளை போட்டுக் காற்று அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். இன்னொருவர் வானுடைய ஷொக்கைப் போட்டால் இரும்பு மாதிரி நிற்கும் என்கிறார். அப்பா பாலைத் தடி ஒன்றை வெட்டித் தந்திருக்கிறார், இப்போது அதை முட்டுக் கொடுத்துத்தான் ஓடுகிறேன். மூடியின் விளிம்பில் பூ அலங்காரத்துக்காக இரும்புச் சட்டம் ஒன்றும் பூட்டியிருக்கிறேன். படங்களை இணைத்திருக்கிறேன். நான் எதைச் செய்வது?
(பெயர் வேண்டாம், மல்லாவி)

பதில்: தம்பி, முதலில் அந்தப் பெரியம்மாவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை. முறியவில்லை என்று சொன்னது யார்? தடவிப் பார்த்தவர்களா, எக்ஸ்ரே எடுத்தவர்களா? மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் பல இருக்கின்றன. அவற்றில் விழும் கீறல் வெளியில் தெரியாது, ஆளும் கையை ஓரளவு அசைப்பார். வீக்கம் இன்னும் வற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, நீங்களே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். காரைப் பிறகு பார்க்கலாம்.

இனி டிக்கி. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது: விடியற்காலையில் விழுகிறது, வெயில் ஏறினால் நிற்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கராஜுக்கு மத்தியானம் கொண்டு போவார்கள், அங்கே மூடி ஒழுங்காக நிற்கும், மெக்கானிக் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். அடுத்த முகூர்த்தத்தில் மறுபடியும் யாருடைய தலையிலாவது விழும்.

நாங்கள் டிக்கி ஷொக் என்று சொல்லும் அந்தச் சாமான் சில்லுக்குப் பூட்டுகிற ஷொக் மாதிரியானது அல்ல. அது இரண்டு பக்கமும் மூடிய ஓர் உருக்குக் குழாய். உள்ளே நைதரசன் வாயுவை மிகுந்த அமுக்கத்தில் அடைத்து, கூடவே கொஞ்சம் எண்ணெயும் விட்டிருப்பார்கள். அந்த வாயுதான் வழவழப்பான தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தண்டு வெளியே வரும் வாயில் ஓர் இறப்பர் சீல் இருக்கிறது. மூடியைத் தூக்கிப் பிடிப்பது குழாயின் இரும்பு அல்ல, உள்ளே அடைபட்ட வாயு. வாயு சூடேறினால் அமுக்கம் கூடும், குளிர்ந்தால் குறையும். தை மாத விடியற்காலையில் வன்னியில் 22 பாகை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் 50 பாகையைச் சாதாரணமாகத் தொடும். இந்த வித்தியாசத்துக்கு அதே ஷொக்கின் தள்ளுவிசை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. புது ஷொக்காக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனிடம் கையிருப்பு இருக்கும். உங்களுடையது இருபது வருடம் தாண்டிய காரில் உள்ளது, சீல் வழியாக வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மூடியைத் தாங்கவும் தாங்காமலும் இருக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. வெயில் அதைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளுகிறது, பனி அந்தப் பக்கம் தள்ளுகிறது. உங்கள் தொழிலோ பனிக்குள்தான் தொடங்குகிறது.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கத் தண்டின் அடியில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு வளையமாகப் படிந்து, அதன்மேல் செம்மண் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் வெளியே வந்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். வலப்பக்கத் தண்டு காய்ந்துதான் தெரிகிறது, ஆனால் அதுவும் அதே வயது. மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடும் வாகனங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். புழுதி தண்டில் ஒட்டும், மூடியை மூடும்போது தண்டு அதையும் இழுத்துக்கொண்டு சீலுக்குள் போகும், சீல் தேயும்.

மற்றப் பாதி விடை அந்தப் பூச்சட்டம். கணக்கை இலகுவாக்க, மூடி கிடையாக நிற்பதாக நினைத்துக்கொள்வோம். மூடி 14 கிலோ, அதன் பாரம் பிணைச்சலிலிருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளி விழுகிறது என்று வைப்போம். 14ஐ 0.40ஆல் பெருக்கினால் 5.6. சட்டமும் பூவுமாக 3 கிலோதான், ஆனால் அதைப் பூட்டியிருப்பது விளிம்பில், பிணைச்சலிலிருந்து 80 சென்ரிமீற்றர் தூரத்தில். 3ஐ 0.80ஆல் பெருக்கினால் 2.4. மூன்றே கிலோ, மூடியின் சுமையைப் பத்துக்கு நாலு பங்குக்கு மேலே கூட்டிவிட்டது. ஷொக் நிற்பதோ பிணைச்சலுக்குக் கிட்ட, பத்துச் சென்ரிமீற்றர் தூரத்தில். ஆகவே வெறும் மூடிக்கு இரண்டு ஷொக்கும் சேர்ந்து 56 கிலோ தள்ள வேண்டும். சட்டத்தோடு 80 கிலோ. துலாவின் நுனியில் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்தால் மறுபக்கம் எத்தனை பேர் மிதிக்க வேண்டும் என்று கிணற்றடியில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

அதனால் இன்று செய்ய வேண்டிய முதல் வேலை, காசு செலவில்லாத வேலை, அந்தச் சட்டத்தைக் கழற்றுவது. கழற்றிய பிறகு அடுத்த விடியலில் மூடியைத் திறந்து பாருங்கள். நின்றாலும் அதை நம்ப வேண்டாம், அந்த எண்ணெய்ப் பிசுக்கு பொய் சொல்லாது. ஆனால் பாரம் எவ்வளவு குறைந்தது என்பது உங்கள் கைக்கே தெரியும். பூ அலங்காரம் உங்கள் தொழிலுக்கு அவசியம், அதை விடச் சொல்லவில்லை. முன் பொனற்றில் கட்டுங்கள், பயணம் முடியும்வரை அதை யாரும் திறக்கப் போவதில்லை. பின்னாலும் வேண்டும் என்றால் ரிபனில் கோத்த சரமாக, ஒரு கையால் எடுத்து வைக்கக்கூடியதாகக் கட்டுங்கள். இரும்பு வேண்டாம்.

அடுத்து, துளை போட்டுக் காற்று அடிக்கும் யோசனை. தம்பி, இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: யாருடைய கையிலும் அந்த ஷொக்கைத் துளைக்கவோ, அறுக்கவோ, சூடுகாட்டவோ, ஒட்டவோ கொடுக்காதீர்கள். எட்டு மில்லிமீற்றர்த் தண்டு உள்ள ஷொக் 400 நியூட்டன் விசையில் தள்ளுகிறது என்றால், உள்ளே ஏறத்தாழ 80 வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. கார் ரயருக்குக் காற்று அடிக்கும்போது மானியில் 30 என்று பார்ப்போமே, அதே மானியில் இது 1,150 அளவில் நிற்கும். கராஜில் உள்ள கொம்பிரசர் தரக்கூடியது எட்டு, பத்து வளிமண்டலம். பத்தில் ஒரு பங்கைத்தான் அதனால் அடிக்க முடியும், மூடி அதற்கு அசையாது. கூடவே காற்றில் ஒட்சிசனும் ஈரமும் இருக்கின்றன. உள்ளே எண்ணெய் இருக்கும் இடத்தில் இரண்டும் ஆகாது. நைதரசனைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

எனக்கு இருபத்திரண்டு வயதில், வவுனியாவில் நான் வேலை பழகிய இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வேலை பழகிய பொடியன் ஒருவன், வான் ஒன்றின் பின்கதவு ஷொக்கைக் கழற்றி, வைஸில் இறுக்கி, இரும்பறுக்கும் வாளால் அறுக்கத் தொடங்கினான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை, வேறொன்றும் இல்லை. வாள் பாதி இறங்கியதும் ஒரு வெடி. கராஜில் நின்ற நாங்கள் அத்தனை பேரும், முதலாளி உட்பட, நிலத்தில் விழுந்து படுத்துவிட்டோம். வன்னியில் வளர்ந்த உடம்பு அதை யோசித்துச் செய்வதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது எண்ணெய் புகைபோல நின்றது. பொடியன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றான், கடவுள் புண்ணியத்தில் காயமில்லை. தண்டு தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பக்கத்து வளவில் வாழையடியில் எடுத்தோம். கூரைத் துளையை யாரும் அடைக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அதன் வழியாக வெயில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வைஸின் மேல் வந்து விழும். அவன் வேலை செய்யும்போதெல்லாம் அதைக் கண்டுகொண்டுதான் செய்தான்.

துளை போடுகிறோம் என்று சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் தொழில் பிறந்த காலம் அப்படி. தொண்ணூறுகளில் போரால் பாதை பூட்டியிருந்தபோது வன்னிக்குள் உதிரிப்பாகம் வராது, பெற்றோல் வராது. ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடினோம். போனதை எறியாமல், எதையாவது வெட்டி, ஒட்டி, கடைந்து ஓடவைத்த கைகள் இவை. அந்தக் கைகளை நான் மதிக்கிறேன், என் கையும் அங்கேதான் பழகியது. பிறகும் 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள், இருந்ததை வைத்துத்தான் எல்லோரும் ஓடினார்கள். ஆனால் எதையும் திருத்தலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த ஷொக் மட்டும் விலக்கு. இது திருத்துகிற சாமான் இல்லை. போனால் மாற்ற வேண்டும், இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி ஒரு பக்கமாக முறுக்குப்பட்டு, பிணைச்சல் நாளடைவில் விலகும், பிறகு மூடியும் உடம்பும் சேரும் இடைவெளி கோணலாகி, மழைத்தண்ணீர் உள்ளே வரும்.

வான் ஷொக் யோசனையும் வேண்டாம். வானின் பின்கதவு உயரமானது, பாரமானது. அதற்கு அளவெடுத்த விசையைக் கார் மூடிக்குப் போட்டால், பூட்டைத் திறந்தவுடன் மூடி எகிறும், குனிந்து நிற்பவரின் தாடையில் படும். மூட ஒவ்வொரு தடவையும் உடம்புப் பலத்தைப் போட்டு அமத்துவீர்கள், தகடு வளையும். நீளம் சற்றுக் கூடியிருந்தால் மூடி முழுதாக மூடுமுன்பே ஷொக் அடியில் முட்டிக்கொள்ளும், அதற்கு மேல் அமத்தினால் அது பூட்டிய இடமே பிய்ந்து வரும். கூரை மடிகிற காரில் இது இன்னும் மோசம். கூரையைத் தாங்காத உடம்பு என்பதால் பின்பக்கத் தகடுகளின் இடைவெளி எல்லாம் நெருக்கமாக ஒழுங்குபடுத்தப்பட்டவை. உங்கள் காரில் டிக்கி மூடிக்கு முன்னால், மடித்த துணிக்கூரையை மூடும் இன்னொரு மூடி இருக்கிறதல்லவா? பின்மூடி கோணலானால் அதோடு உரசத் தொடங்கும், பிறகு கூரையைத் திறப்பதே சிக்கலாகிவிடும். அந்த முன்மூடியை அசைப்பது வேறு பொறிமுறை, அதற்கு மோட்டாரும் எண்ணெய்க் குழாய்களும் உண்டு. டிக்கி வேலை செய்யும்போது அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? ஷொக்கின் குழாயில் ஒட்டியிருக்கும் அல்லது அச்சடித்திருக்கும் எழுத்தை ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் படியுங்கள். ஜேர்மன் கார் என்றபடியால் ஸ்டாபிலஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. அங்கே ஒரு நீண்ட பாக இலக்கமும், நியூட்டன் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்தோடு முடிகிற எண் ஒன்றும் இருக்கும். அந்த எண்தான் விசை, 20 பாகை வெப்பநிலையில் அளந்தது. 400 என்றிருந்தால் ஏறத்தாழ 41 கிலோ தள்ளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்துபோயிருந்தால், தண்டு முழுதாக வெளியே வந்த நிலையில் ஒரு முனை உருண்டையின் நடுவிலிருந்து மறுமுனை உருண்டையின் நடுவரை நீளத்தை மில்லிமீற்றரில் அளவிடுங்கள். தண்டின் தடிப்பு, குழாயின் தடிப்பு, உருண்டையின் விட்டம், இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். காரின் சேசிஸ் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கடைக்காரர் சரியான பாகத்தைத் தேடுவார்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழையது மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். பஞ்சிகாவத்தையில் நான் எஞ்சின் பாகம் வாங்கியிருக்கிறேன், கியர்பெட்டி வாங்கியிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். டிக்கி ஷொக்கை மட்டும் அப்படி வாங்காதீர்கள். உங்கள் கார் வயதுடைய இன்னொரு காரில் கழற்றிய ஷொக்குக்கும் உங்கள் ஷொக்கின் வயதுதான். கடையில் மத்தியான வெக்கைக்குள் அமத்திப் பார்க்கும்போது வலுவாகத்தான் இருக்கும், காரணம் மேலே சொன்னதுதான். புதியதையே வாங்குங்கள், மணிக்கட்டு ஒன்று முறிவதோடு ஒப்பிட்டால் அது பெரிய காசு இல்லை. அக்காவிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், கனடாவில் இலக்கத்தைச் சொன்னால் எடுத்து அனுப்புவார். ஆனால் ஒன்று, வாயு அடைத்த சாமான் என்பதால் விமானப் பயணப் பையில் போட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முறைப்படி பொதி அனுப்புவோரிடம் என்ன சாமான் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

வாங்கியது நல்லதா என்று சந்தேகம் வந்தால் குளியலறைத் தராசு போதும். தராசின் மேல் ஒரு மரத்துண்டை வையுங்கள், ஷொக்கைத் தண்டு கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள், மேல்முனையில் இன்னொரு மரத்துண்டை வைத்து இரண்டு கையாலும் நேராக அமத்துங்கள். முகத்தை மேலே கொண்டு போகாமல் பக்கமாக நில்லுங்கள். தண்டு உள்ளே நகரத் தொடங்கும் கணத்தில் முள் காட்டும் கிலோதான் அதன் வலு. 41 காட்ட வேண்டியது 25 காட்டினால் அது செத்தது. உங்கள் பழையதையும் கழற்றிய பிறகு இப்படி அளந்து பாருங்கள், வித்தியாசத்தைக் கண்ணால் கண்டால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும்.

பூட்டுகிற வேலை அரை மணித்தியாலம். நிழலில், சம தரையில், இன்னொருவர் துணையோடு செய்யுங்கள். மூடியை முழுதாகத் திறந்து, அவர் இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். அப்பா தந்த பாலைத் தடியின் இரு நுனியிலும் தடித்த துணியைச் சுற்றி முட்டும் கொடுங்கள். தடி மட்டும் போதாது, ஆள் வேண்டும். இரண்டு ஷொக்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது, ஒன்றை மாற்றிப் பூட்டிய பிறகுதான் மற்றது. முனைகளில் உருண்டைத் தலையைக் கவ்விய கிண்ணமும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிக் கிளிப்பும் இருக்கும். சின்னத் தட்டை ஸ்குறூ டிரைவரைக் கிளிப்பின் அடியில் விட்டு மூன்று, நாலு மில்லிமீற்றர் நெம்பினால் போதும், கிளிப்பை முழுதாக வெளியே எடுத்தால் எகிறித் தொலைந்துவிடும். நெம்பிக்கொண்டு ஷொக்கை உருண்டையிலிருந்து நேராக இழுங்கள், வந்துவிடும். உருண்டையில் பழைய அழுக்கைத் துடைத்து, அரிசியளவு கிறீஸ் பூசுங்கள். புதியதை வைத்து உள்ளங்கையால் அமத்தினால் ‘டக்’ என்று உட்காரும். அந்தச் சத்தம் வராவிட்டால் உட்காரவில்லை.

புதியதைப் பூட்டும் பக்கத்தைக் கவனியுங்கள். பழையது எப்படி நின்றதோ அப்படியே நிற்க வேண்டும். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அனேகமான கார்களில் மூடி மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்கும். உள்ளே உள்ள கொஞ்ச எண்ணெய் சீலின் மேல் வந்து நின்று அதைக் காயாமல் வைத்திருப்பதற்காக அப்படி. தலைகீழாகப் பூட்டினாலும் மூடி தூக்கும், ஆனால் சீல் காய்ந்து கெதியில் போய்விடும். குறடு எதையும் தண்டில் போட வேண்டாம். நகத்தால் தடவினால் உணரக்கூடிய ஒரு கீறல் போதும், ஒவ்வொரு தடவையும் அது சீலைக் கிழிக்கும். தண்டுக்கு எண்ணெயோ கிறீஸோ பூச வேண்டாம், புழுதி ஒட்டும். கிழமைக்கு ஒருமுறை காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

புதியது வரும்வரை நாலைந்து கிழமை ஆகலாம், அதுவரை முகூர்த்தங்கள் நிற்காது. வெறும் தடியை முட்டுக் கொடுப்பது எனக்குப் பயம். முறிகண்டி வாசலில் தட்டு எடுக்கிறவர்கள், கச்சான் பையோடு வருகிறவர்கள், ஒரு பிள்ளையின் முழங்கை பட்டால் தடி நழுவும். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். தண்ணீர்ப் பைப்புக்குப் போடும் பிளாஸ்ரிக் குழாய், அரை அங்குலம், தடித்த ரகம். மூடியை முழுதாகத் திறந்து, வெளியே தெரியும் தண்டின் நீளத்தை அளந்து அந்த நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்து, உள்விளிம்பை அரத்தாளால் வழவழப்பாக்குங்கள். மூடியைத் திறந்ததும் இரண்டு தண்டிலும் அதை விரித்து மாட்டிவிட்டால், தண்டு உள்ளே போக இடம் இருக்காது, மூடி நிற்கும். மூடுமுன் கழற்ற வேண்டும். அதை ஒரு சிவப்பு நாடாவால் கட்டித் தொங்கவிடுங்கள், மறக்க மாட்டீர்கள். அதுவரை டிக்கியை நீங்கள் மட்டும் திறந்து மூடுங்கள். பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, தட்டுகளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். முடியுமானால் கூறைத் தட்டை டிக்கியில் வைக்காமல் பின் இருக்கையில் வையுங்கள்.

கழற்றிய பழைய ஷொக் இரண்டையும் வளவில் எறியவோ, குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். செத்ததிலும் அமுக்கம் மிச்சமிருக்கும், நெருப்பில் வெடிக்கும். எங்கள் பகுதியில் இரும்பு பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. இனந்தெரியாத இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்துக் கையையும் கண்ணையும் இழந்த பிள்ளைகளை இந்த மண் போதுமான அளவு பார்த்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால், குழாயில் வெள்ளைப் பெயின்ற்றால் ‘உள்ளே வாயு, வெட்டாதே’ என்று தமிழில் எழுதி, உரிமையாளரின் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லுங்கள். கடையில் காஸ் கட்டரோடு நிற்கும் பையனுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

எல்லாம் பூட்டிய மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, வெயில் தொடாத நேரத்தில், டிக்கியைத் திறந்து பாருங்கள். பாதி உயரத்தில் கையை மெல்லத் தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம். மூடி தானாக மேலே ஏறி, கடைசி ஒரு சாணில் வேகம் தணிந்து நிற்க வேண்டும். பிறகு மத்தியானம் ஒரு மணிக்கு அதையே செய்யுங்கள். அப்போது கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறும், அது சரி. இரண்டு நேரமும் நின்றால் வேலை முடிந்தது. விடியலில் அசையாமல் பாதியில் நின்றாலோ, கீழே இறங்கினாலோ வாங்கிய பாகம் தவறு. எழுதி வைத்த அளவுகளோடு எனக்குத் திரும்ப எழுதுங்கள், குழாயில் உள்ள விசை எண்ணையும் தண்டின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.